வங்கி தவறாக வரவு வைத்த பணம்: தெரிந்த நாளுக்கு முன்பும் பின்பும்

கேள்வி: என் கணவர் ஒரு நூற்பாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய பி.எஃப். பணத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்தபோது, 2025 பிப்ரவரியில் என் சேமிப்புக் கணக்கில் ரூ.4,86,000 வரவானது. பி.எஃப். பணம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, அடகில் இருந்த நகைகளை 1,40,000 ரூபாய் கட்டி மீட்டேன். ஏப்ரலில் தனியாக 3,12,000 ரூபாய் வந்தது. அதுதான் உண்மையான பி.எஃப். பணம். அதை மகள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டுவிட்டேன். முதலில் வந்தது வேறு ஏதோ பணம் என்று அப்போதுதான் புரிந்தது. வங்கிக்குப் போய்க் கவுன்டரில் கேட்டேன். அங்கிருந்த பெண், "உங்க கணக்குல வந்திருந்தா உங்க பணம்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அதன் பிறகு வீட்டு ஓடு மாற்றுவதற்கு அதிலிருந்து 60,000 ரூபாய் எடுத்தேன். செப்டம்பரில் மேலாளர் போன் செய்தார். அது என் பெயரிலேயே உள்ள இன்னொரு அம்மாவின் வைப்புத்தொகை முதிர்ந்த பணமாம். தவறுதலாக என் கணக்கில் போட்டுவிட்டார்களாம். மூன்று நாளில் முழுப் பணமும் கட்டாவிட்டால் போலீஸில் புகார் கொடுப்போம் என்றார். மறுநாளே கணக்கை முடக்கிவிட்டார்கள். மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியத்தைக்கூட எடுக்க முடியவில்லை. என் தம்பி, "தப்பு அவங்களோடது, ஒரு பைசா கொடுக்காதே. கோடி கோடியா வாங்கினவனை விட்டுட்டு உன்கிட்ட வர்றாங்க" என்கிறான். நான் திருடி இல்லை, ஐயா. நான் என்ன செய்ய வேண்டும்?

ஈரோடு மாவட்ட வாசகி ஒருவர்

பதில்:

அன்புள்ள அம்மையீர்,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் அனுப்பியிருந்த பாஸ்புக் பக்கங்களின் நகலையும் பார்த்தேன். கேட்டதற்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 4,86,000 ரூபாய் முழுவதும் திருப்பித் தர வேண்டிய பணம்தான். ஆனால் திருப்பித் தரும் கடமை வேறு, குற்றம் வேறு, வங்கி அதை வசூலிக்கும் முறை வேறு. மேலாளர் இந்த மூன்றையும் ஒரே தொலைபேசி அழைப்பில் சுருட்டி உங்களைப் பயமுறுத்திவிட்டார். உங்கள் தம்பியும் அவற்றைப் பிரித்துப் பார்க்காமல், வங்கி தவறு செய்துவிட்டதால் உங்களுக்குக் கடமையே இல்லை என்கிறார். முதல் விஷயத்தில் வங்கி சொல்வது சரி. மற்ற இரண்டிலும் உங்கள் பக்கம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 72-ஆவது பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே வரியில் சொல்கிறது. யார் தவறு செய்தார், எவ்வளவு அஜாக்கிரதையாக இருந்தார், பெற்றவர் மீது ஏதாவது குறை உண்டா என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை. அதில் வரும் ‘தவறு’ என்பதை உச்ச நீதிமன்றம் 1958-லேயே மிக விரிவாக எடுத்துக்கொண்டு, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு கட்டிய வரியைக்கூட அந்தப் பிரிவின் கீழ்த் திரும்பக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, எழுத்தர் ஒருவர் பெயரை மட்டும் பார்த்துக் கணக்கு எண்ணைச் சரிபார்க்காமல் விட்டார் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பணம் உங்களுடையதாகிவிடாது. பாஸ்புக்கில் ஒரு தொகை அச்சாகியிருப்பது வங்கி உங்களுக்கு அவ்வளவு தர வேண்டும் என்பதற்கு முதல்நிலைச் சான்றுதானே தவிர, உரிமைப் பத்திரம் அல்ல; தவறான பதிவைத் திருத்தும் உரிமை வங்கிக்கு உண்டு. காலத்தைக் கடத்தினால் தப்பித்துவிடலாம் என்றும் யாராவது சொல்லக்கூடும். தவறின் அடிப்படையில் தொடுக்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் தரும் மூன்று ஆண்டுக் கெடு, பணம் போன நாளிலிருந்து அல்ல, தவறு கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தோ, முறையான கவனத்துடன் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் தொடங்குகிறது.

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா என்ற உங்கள் தம்பியின் கோபத்துக்கு அமெரிக்க வழக்கு ஒன்றையே பதிலாகச் சொல்லலாம். 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாகச் சில மில்லியன் டாலர் மட்டும் அனுப்ப வேண்டியிருக்க, தவறுதலாகச் சுமார் 900 மில்லியன் டாலரை அனுப்பிவிட்டது. அதில் ஏறத்தாழ 500 மில்லியனைப் பெற்ற முதலீட்டு நிறுவனங்கள் திருப்பித் தர மறுத்தன. ரெவ்லான் தங்களுக்கு உண்மையாகவே அந்தக் கடனைத் தர வேண்டியிருந்தது என்பது அவர்கள் வாதம். 2021 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடனைத் திருப்பிக் கட்டும் தவணை அப்போது வந்திருக்கவில்லை என்று காட்டி அத்தீர்ப்பைப் புரட்டியது. உண்மையாகவே கடன் பாக்கி வர வேண்டியிருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அந்த இன்னொரு அம்மா உங்களுக்கு எதுவுமே தர வேண்டியவர் இல்லை.

நம்பிச் செலவழித்துவிட்ட பணத்தையும் கேட்கலாமா என்பது உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். இது கொஞ்சம் நுட்பமான இடம். வங்கி சொன்ன கணக்கை நேர்மையாக நம்பி ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொண்டுவிட்டால், பிறகு வங்கி தன் சொல்லை மாற்றி அவரை நட்டப்படுத்தக் கூடாது என்ற முரண்தடைக் கொள்கை நம் சாட்சியச் சட்டத்திலும் உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது எளிதல்ல. லண்டனில் 1976-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், சுவிட்சர்லாந்திலிருந்து டெலக்ஸ் மூலம் வந்த சுமார் 11,000 டாலரை வங்கி வரவு வைத்தது. பின்னர் அதை உறுதிப்படுத்தி வந்த கடிதத்தைப் புதிய பணம் என்று நினைத்து இரண்டாவது முறையும் வரவு வைத்தது. வாடிக்கையாளர் அந்தப் பணத்தை ஒரு ஹோட்டல் வாங்கப் பயன்படுத்திவிட்டார். வங்கி தவறான இருப்பைச் சொல்லியிருக்க வேண்டும், அதை அவர் உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும், அந்த நம்பிக்கையால் திருப்பிக் கேட்பது அநீதியாகும் அளவுக்கு அவர் நிலை மாறியிருக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை நீதிபதி வகுத்தார். முதலாவது மட்டுமே அவருக்குச் சாதகமாக இருந்தது. அந்தப் பணத்தில் வாங்கிய ஹோட்டல் அவர் கையில்தானே இருந்தது? உங்கள் 1,40,000 ரூபாயும் அப்படித்தான். நீங்கள் நேர்மையாக நம்பினீர்கள் என்று ஏற்றுக்கொண்டாலும், மீட்ட நகைகள் உங்கள் பெட்டியில் இருக்கின்றன, அடகு வட்டியும் மிச்சமாகியிருக்கிறது. அதே பணம் ஒரு கோயில் நன்கொடைக்கோ, வேறு வகையில் செய்திருக்கவே மாட்டாத செலவுக்கோ போயிருந்தால் உங்கள் வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

‘நம்பினேன்’ என்பதற்கும் பாஸ்புக்கில் ஒரு சிறு சிக்கல் இருக்கிறது. பிப்ரவரி வரவுக்கு எதிரே விவரப் பகுதியில் ‘எஃப்.டி. குளோஷர்’ (வைப்புத்தொகை முடிக்கப்பட்டது) என்று அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் ஒரு வைப்புக் கணக்கு எண்ணும் இருக்கிறது. உங்களுக்கு அந்த வங்கியில் வைப்புத்தொகை எதுவும் கிடையாது. ஏப்ரல் வரவுக்கு எதிரே வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது. வழக்கு என்று வந்தால் வங்கியின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்கும் முதல் கேள்வியே அந்த ஒரு வரியைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஆயினும், ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அச்சடித்த அந்த விவரத்தை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை என்பதை எந்த நீதிபதியும் அறிவார், பி.எஃப். பணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தொகையை மட்டும் பார்த்து ஏமாந்தார் என்பது நம்பக்கூடியதே. மனு எண்ணும், மனுப் போட்ட தேதியும் இருக்கும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனிக் குற்றத்தின் பக்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவின் இடத்தில் வந்திருக்கிறது. பிறர் சொத்தை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது அல்லது தன் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வது அதன்படி குற்றம். ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும் தண்டனை. அந்தப் பிரிவோடு வரும் எடுத்துக்காட்டு ஒன்று உங்களை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கிறது: ஒருவர் தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு நம்பிப் பிறர் பொருளை எடுத்தால் குற்றமில்லை, ஆனால் தன் தவறு தெரிந்த பிறகும் அதை நேர்மையற்ற முறையில் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டால் குற்றம். ஆக, பணம் எப்படி வந்தது என்பதை விட, அது தன்னுடையதல்ல என்று தெரிந்த நாளும், அதன் பிறகு நடந்ததும்தான் சட்டத்துக்கு முக்கியம். உங்கள் விஷயத்தில் அந்த நாள் ஏப்ரலில் பி.எஃப். பணம் தனியாக வந்த நாள். அதற்கு முன் செலவான 1,40,000 ரூபாய்க்காக உங்களைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அதற்குப் பின் எடுத்த 60,000 ரூபாய்தான் உங்கள் பக்கத்தில் பலவீனமான இடம். பிறகு திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன் என்பதும் உதவாது; சிறிது காலத்துக்கு மட்டும் தனதாக்கிக்கொள்வதும் குற்றமே என்று அதே பிரிவு விளக்கம் சொல்கிறது.

ஆனால் நீங்கள் எடுப்பதற்கு முன் வங்கிக்குப் போய்க் கேட்டிருக்கிறீர்கள். நேர்மையற்ற நோக்கம் உள்ள ஒருவர் கவுன்டரில் போய் ‘இது யார் பணம்’ என்று கேட்கமாட்டார். வங்கி ஊழியரே ‘உங்கள் பணம்தானே’ என்று சொன்ன பிறகு எடுத்தது, நேர்மையற்ற நோக்கம் என்ற குற்றச்சாட்டைப் பெருமளவுக்குத் தளர்த்திவிடும். குறை என்னவென்றால், நீங்கள் வாய்வார்த்தையாகக் கேட்டீர்கள், எழுதிக் கொடுக்கவில்லை. எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கவுன்டர், உடன் யாராவது வந்தார்களா, அன்று பாஸ்புக் பதிவு போட்டீர்களா என்பதையெல்லாம் மறப்பதற்கு முன் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்றுகள் உண்டு. 2012-இல் திருப்பூரில் ஒரு தம்பதியின் கணக்கில், அரசுத் திட்டப் பணிக்குப் போக வேண்டிய 40 லட்சம் ரூபாய் தவறுதலாக வரவானது. அவர்கள் அதைச் செலவழித்துவிட்டார்கள், வங்கி கேட்டபோதும் தரவில்லை. 2019-இல் இருவருக்கும் மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 நவம்பரில் யூகோ வங்கியில் ஐ.எம்.பி.எஸ். என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறையில் ஏற்பட்ட கோளாறால் 41,000-க்கும் மேற்பட்ட கணக்குகளில் சுமார் 820 கோடி ரூபாய் வரவானபோது, வங்கி கணக்குகளை நிறுத்தி 649 கோடியை மீட்டது, மீதிக்காக சி.பி.ஐ. வழக்குப் பதிந்து, ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் பணத்தை எடுத்தவர்களின் வீடுகளில் சோதனை நடத்தியது. மாறாக, அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து, அவர் நம்ப முடியாமல் சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிய விஷயம், வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேசிச் சுமுகமாக முடிந்ததாகச் செய்தி வந்தது. நீங்கள் இந்த மூன்றாவது வகையில் சேர வேண்டும். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மேலாளர் சொன்ன போலீஸ் புகாரைப் பற்றி: 314-ஆவது பிரிவுக் குற்றத்தில் பிடியாணை இல்லாமல் போலீசார் கைது செய்ய முடியாது, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கக்கூடியது. புகாரைக் கனமாக்குவதற்காக மோசடிப் பிரிவையும் சேர்த்து எழுதுவது நம்மூரில் வழக்கம்தான். ஆனால் நீங்கள் யாரையும் ஏமாற்றிப் பணம் பெறவில்லை என்பதால் அந்தப் பிரிவு நிற்காது. எழுத்துமூலமாக ஒரு அறிவிப்புக்கூட அனுப்பாமல், கணவரை இழந்த ஒருவரிடம் மூன்று நாள் கெடு விதித்துத் தொலைபேசியில் மிரட்டுவது சட்டப்படியான வசூல் முறை அல்ல என்பதை இங்கே வெளிப்படையாகவே பதிவு செய்கிறேன்.

கணக்கு முடக்கத்திலும் வங்கி எல்லை மீறியிருக்கிறது. தவறாக வந்த தொகையில் மீதமுள்ள 2,86,000 ரூபாய் மேல் ‘லீன்’ போடுவது, அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைப்பது, நியாயமே. ஆனால் கணக்கையே முழுதாக அடைத்து, பிறகு வரும் குடும்ப ஓய்வூதியத்தையும் எடுக்க விடாமல் செய்வது வேறு. ஓய்வூதியமும் பணிக்கொடையும் பெறுபவரின் கைக்கு வந்த பிறகும் தம் தன்மையை இழப்பதில்லை, அவற்றுக்கு ஜப்தியிலிருந்து உள்ள பாதுகாப்பு தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வங்கிக்கு எதிராகவே சொல்லியிருக்கிறது. உங்களுடையது நீதிமன்ற ஜப்தி அல்ல, ஓய்வூதியமும் வேறு திட்டத்தைச் சேர்ந்தது என்று வங்கி வாதிடலாம். ஆயினும் நீதிமன்றம் ஆணையிட்டாலே கைவைக்கத் தயங்கும் பணத்தில் ஒரு மேலாளர் தன்னிச்சையாகக் கைவைக்கலாமா என்ற கேள்விக்கு அவர்களிடம் எளிதான பதில் இருக்காது. எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இப்போது உங்கள் தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். பெரிய கடனாளிகளிடம் வங்கிகள் காட்டும் பெருந்தன்மை பற்றி அவர் சொல்வதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்தப் பணம் வங்கியுடையது அல்ல. உங்கள் பெயரையே கொண்ட ஒரு அம்மா, முதிர்ந்த வைப்பைப் புதுப்பிக்கவோ எடுக்கவோ ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அதே கவுன்டருக்கு வந்திருப்பார், ‘உங்கள் எஃப்.டி. முடிந்து பணம் போய்விட்டதே’ என்று அவரிடம் சொல்லியிருப்பார்கள். அவருக்கு வங்கி தன் கையிலிருந்து ஈடுகட்டியிருக்கலாம், கட்டாமலும் இருக்கலாம். எந்த நிலையிலும், உங்களுக்குச் சேர வேண்டிய பி.எஃப். பணம் அவர் கணக்கில் போயிருந்தால் அவரிடம் நீங்கள் எதை எதிர்பார்த்திருப்பீர்களோ அதைத்தான் அவரும் எதிர்பார்ப்பார். கவுன்டரில் ஒரு முறை கேட்டதோடு உங்கள் பொறுப்பு முடிந்துவிட்டதா என்றால், பாதிதான் முடிந்தது என்பது என் கருத்து. இரண்டு வரி எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கியிருந்தால் மீதிப் பாதியும் முடிந்திருக்கும். இதைக் குற்றம் சொல்லும் நோக்கில் எழுதவில்லை. அந்த ஊழியருக்கு அப்போதே கணினியில் அந்த வரவைத் திறந்து பார்க்கும் கடமை இருந்தது, அவர் அதைச் செய்திருந்தால் 60,000 ரூபாய் பிரச்சினையே எழுந்திருக்காது. ஆகவே அசலைத் தருவது உங்கள் கடமை என்றால், ஏழு மாதம் கழித்து விழித்துக்கொண்டதற்கான வட்டியையும் செலவையும் வங்கி ஏற்பதுதான் நியாயம். வட்டி கேட்டால் மறுத்து எழுதுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கிளை மேலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பிப்ரவரி வரவு உங்களுடையதல்ல என்பதை ஏற்றுக்கொள்வதாகவும், பி.எஃப். என்று நம்பி 1,40,000 ரூபாயைச் செலவிட்டதாகவும், ஏப்ரலில் கவுன்டரில் விசாரித்தபோது கிடைத்த பதிலின் பேரில் 60,000 ரூபாய் எடுத்ததாகவும் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள், எதையும் கூட்டாதீர்கள். மீதமுள்ள 2,86,000 ரூபாயை உடனே எடுத்துக்கொள்ளச் சம்மதம் தெரிவித்து, ஓய்வூதியத்தை விடுவிக்கக் கோருங்கள். அந்த 60,000 ரூபாயை எப்படியாவது முதலில் கட்டிவிடுங்கள். குற்ற வழக்கு என்று ஒன்று வந்தால் அந்தத் தொகையில்தான் வரும். 1,40,000 ரூபாய்க்கு, உங்கள் வருமானத்துக்குத் தாங்கும் மாதத் தவணையைக் கேளுங்கள். மகள் பெயரில் உள்ள அஞ்சலக வைப்பை உடைக்கும்படி யாராவது வற்புறுத்தினால் உடனே சம்மதிக்க வேண்டாம்.

வங்கியில் இரண்டு காகிதங்களை நீட்டக்கூடும். ஒன்று, பாக்கியைத் தனிநபர் கடனாக மாற்றும் விண்ணப்பம். மற்றொன்று, தொகை எழுதாத காசோலை. இரண்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கடனாக மாற்றினால் நீங்கள் வட்டி கட்டும் கடனாளியாகிவிடுவீர்கள். காசோலை திரும்பினால் இல்லாத குற்ற வழக்கு ஒன்று புதிதாக முளைக்கும். தவணை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் முதலில் பேசிவிட்டும் போகலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வைத்து முடித்துக்கொண்டால் அந்தத் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடும் கிடையாது.

இதே நிலையில் இருக்கும் பிற வாசகர்களுக்கும் ஒன்று: தெரியாத பணம் வந்தவுடன் யாரோ அழைத்து, ‘தவறுதலாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்க’ என்றால் அனுப்பாதீர்கள். மோசடிப் பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்தும் தந்திரமாகவும் அது இருக்கலாம்; பிறகு போலீஸ் முடக்குவது உங்கள் கணக்கைத்தான். கிளைக்கு எழுதிக் கொடுங்கள், வந்த வழியே வங்கி திருப்பி அனுப்பட்டும். சந்தேகம் இருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

கடைசித் தவணை கட்டிய அன்றே, முழுத் தொகையும் பெறப்பட்டது, உரிமையியல் அல்லது குற்றவியல் கோரிக்கை எதுவும் இனி இல்லை, லீன் நீக்கப்பட்டது என்ற மூன்றும் அடங்கிய கடிதத்தை வங்கியின் முத்திரையுடன் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் புகார் ஏதும் பதிவாகிவிட்டிருந்தால், சொத்துக்கு உரியவர் சமாதானமாகிக்கொள்ள 314-ஆவது பிரிவுக் குற்றத்தில் வழி உண்டு. அந்த இன்னொரு அம்மாவுக்கு வங்கி பணம் தந்துவிட்டதா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கி அவருக்குப் பணம் தந்திருக்காவிட்டால் சமாதான மனுவில் அவருடைய கையெழுத்தும் தேவைப்படும்.